முதல் சிபிஆர் வகுப்பில் என்ன நடக்கும்? வில்லியனூர், பாகூர் பக்கத்து மக்களுக்கு

சிபிஆர் வகுப்பில் கற்றுக்கொடுக்கும் வேலை ஒன்றுதான். திடீரென இதயம் நின்று விழுந்துவிட்ட ஒருவரின் நெஞ்சைக் கைகளால் அழுத்தி, ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அவருடைய மூளைக்குக் கொஞ்சம் ரத்தமாவது போய்க்கொண்டிருக்கச் செய்வது. மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருபவை. இதற்குப் படிப்பு தேவையில்லை, ஆங்கிலம் தேவையில்லை. முட்டி போட்டு உட்கார முடிந்தால் போதும். பத்தாவது படிக்கும் மாணவியும் நெல் மூட்டை தூக்கும் தொழிலாளியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கற்கும் வகுப்பு இது. மூட்டை தூக்குபவர்தான் பெரும்பாலும் நன்றாகச் செய்வார் என்பது வேறு விஷயம்.

இதயம் நின்ற பிறகு மூளை 4 முதல் 6 நிமிடங்களுக்குள் சேதமடையத் தொடங்கும். எதுவுமே செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். இந்தக் கணக்கைப் புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களுக்குப் பொருத்திப் பார்த்தால் நிலைமை தெளிவாகப் புரியும். புதுச்சேரி நகரத்திலிருந்து வில்லியனூர் ஏறத்தாழ 10 கிலோமீட்டர், பாகூர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மருத்துவமனைக்குப் பஞ்சமில்லாத பகுதி இது. கோரிமேட்டில் ஜிப்மர், அரியூரிலும் கூடப்பாக்கம் அகரத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள், பாகூர்ப் பக்கம் கிருமாம்பாக்கத்தில் ஆறுபடைவீடு, பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி, அடுத்த கொம்யூனான மண்ணாடிப்பட்டில் மணக்குள விநாயகர் என்று வயல்வெளிக்கு நடுவே வரிசையாகக் கல்லூரிகள் நிற்கின்றன. ஆனாலும் அந்த நான்கு நிமிடத்துக்குள் எந்தக் கல்லூரியின் டாக்டரும் ஏரிக்கரைக் களத்துமேட்டுக்கு வந்துவிட முடியாது. பக்கத்தில் நிற்பவர் பம்புசெட் பார்க்க வந்த அண்ணனோ எதிர்வீட்டு அக்காவோதான்.

இந்த முறை உலகத்துக்கு வந்து சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் மார்பைத் திறக்காமலேயே அழுத்தி ரத்த ஓட்டத்தை உண்டாக்கலாம் என்று 1960-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் கௌவென்ஹோவன் டாக்டரே அல்ல, மின்பொறியாளர். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பது உண்மையிலேயே வேலை செய்கிறது என்று பீட்டர் சாஃபர் 1950-களின் பிற்பகுதியில் நிரூபித்திருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய சிபிஆர்.

வகுப்புகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. எதற்குப் போகிறோம் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பொதுமக்களுக்கென்றே இந்திய மயக்க மருந்தியல் நிபுணர்கள் சங்கம் 2017-இல் வகுத்துக் கொடுத்த முறைக்குக் 'கோல்ஸ்' என்று பெயர். இதில் வாய்வழி மூச்சு கிடையாது, அழுத்தம் மட்டும்தான். ஆளைப் பார்த்து அடையாளம் கண்டு உதவிக்கு அழைப்பது, உடனே அழுத்தத் தொடங்குவது, சீக்கிரம் மருத்துவமனைக்கு அனுப்புவது என்ற மூன்றே படிகள். ஒரு மணி நேரத்தில் கற்பித்துவிடலாம். பள்ளிகளிலும் ஊர்ப் பொதுக் கூட்டங்களிலும் நடத்த ஏற்றது இதுதான். அமெரிக்க இதயக் கழகத்தின் அட்டை கிடைக்கும் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) வகுப்பு அரைநாள் நீளும். அது முக்கியமாக நர்சிங் மாணவர்கள், மருத்துவமனை ஊழியர்களுக்கானது. அந்த அட்டை 2 ஆண்டுகளுக்குச் செல்லும். பொதுமக்களுக்காக அதே கழகம் தனி வகுப்பும் வைத்திருக்கிறது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் முதலுதவி வகுப்புகளில் சிபிஆர் ஒரு பாடமாக வரும், கட்டுப்போடுவது, எலும்பு முறிவு, பாம்புக்கடி எல்லாம் கூடவே இருக்கும். தொழிற்சாலைகளுக்கு இது புதிதல்ல. முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் வேலை நேரம் முழுவதும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. சேதராப்பட்டு, திருபுவனை தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் கம்பெனியில் அந்த ஒருவர் யார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

போகும் முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி வேறு: எத்தனை பேருக்கு எத்தனை பொம்மை? ஒரு பொம்மைக்கு ஐந்தாறு பேர் என்றால் எல்லோருக்கும் கை வைக்க வாய்ப்பு உண்டு. இருநூறு பேரை நாற்காலியில் உட்கார வைத்து மேடையில் ஒரே ஒரு பொம்மையைக் காட்டினால் அது விழிப்புணர்வுக் கூட்டம். பயிற்சி என்று அதைச் சொல்ல முடியாது. புகைப்படம் எடுத்துப் போட அது உதவும். விழுந்து கிடப்பவரின் முன் உட்காரும்போது உதவாது. 2023 டிசம்பர் 6 அன்று தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் நாடு முழுக்க ஒரே நாளில் சிபிஆர் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தியது. அத்தகைய நாட்கள் ஆர்வத்தைத் தூண்டும். கையைப் பழக்க, தரையில் முட்டி போடும் சின்ன வகுப்புதான் வேண்டும்.

உடை விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பாதி வகுப்பைக் கெடுப்பது அதுதான். பயிற்சி முழுக்கத் தரையில் நடக்கும். சுடிதாரோ பேண்ட்டோ வசதி. புடவையில் வருபவர்கள் கொசுவத்தைத் தளர்த்தி, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டால் சமாளிக்கலாம். குனியும்போது முந்தானை சரிகிறதே என்ற கவனத்திலேயே அழுத்தும் ஆழம் பாதியாகிவிடும். வேட்டியை மடித்துக் கட்டிவிட வேண்டும். கண்ணாடி வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். சமுதாய நலக்கூடத்து சிமெண்ட் தரை முட்டியைப் பதம் பார்க்கும் என்பதால் ஜமக்காளம் விரிப்பார்கள், இல்லையென்றால் ஒரு பழைய துண்டை மடித்து எடுத்துப் போகலாம். வெறும் வயிற்றில் போகக் கூடாது. முட்டிவலி, முதுகுவலி உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் பொம்மையை மேசைமேல் வைத்து நின்றபடி பழகச் சொல்வார்கள். கர்ப்பிணிகளும் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களும் பார்த்துக் கற்றால் போதும்.

வகுப்பு பெரும்பாலும் ஒரு குழப்பத்தைத் தீர்ப்பதில் தொடங்கும். மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. மாரடைப்பு வந்தவர் பேசுவார், வியர்ப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 'கேஸ் டிரபிள்' என்று சோடா கேட்பார். அவருக்கு சிபிஆர் கூடாது. அவரை நடக்க விடாமல் உட்கார வைத்து ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். அந்த அடைப்பாலோ வேறு காரணத்தாலோ இதயம் துடிப்பதையே நிறுத்தி, ஆள் நினைவிழந்து விழும்போதுதான் கைகளுக்கு வேலை. பலமாக இருமிக்கொண்டே இருந்தால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளலாம் என்று வாட்ஸாப்பில் சுற்றும் செய்தியை நம்பி யாராவது கேட்பார்கள். பயிற்றுநர் மறுப்பார். இதயம் நின்றவரால் இரும முடியாது, இரும முடிந்தவருக்கு இதயம் நிற்கவில்லை.

அடுத்தது பொம்மை. இடுப்பு வரைக்குமான ரப்பர் உடல், கண் மூடிய முகம். முதலில் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், பின்வரிசையில் கிண்டல் ஓடும், அது இயல்பு. இந்தப் பொம்மையின் முகத்துக்கு ஒரு பிரெஞ்சுத் தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்த, பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகத்தை அச்செடுத்தார்கள் என்றொரு கதை. அந்த முகமூடியைப் பார்த்து, நார்வே நாட்டு விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் அஸ்முண்ட் லேர்டால் 1960-இல் முதல் பயிற்சிப் பொம்மையைச் செய்தார். தண்ணீரில் மூழ்கவிருந்த தன் மகனை அவர் ஏற்கெனவே ஒருமுறை காப்பாற்றியிருந்தார். சில பொம்மைகள் போதிய ஆழம் அழுத்தியதும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். சிலவற்றில் தோள்பட்டையில் பச்சை, மஞ்சள் விளக்குகள் எரியும். உயிருள்ள ஆள் மேல் மட்டும் யாரும் அழுத்திப் பழகக் கூடாது. துடிக்கும் இதயத்தின் மேல் அழுத்துவது ஆபத்து. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் நெஞ்சில் செய்து காட்ட நினைப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை.

பயிற்சியின் முதல் படி அழுத்துவதல்ல, சுற்றிப் பார்ப்பது. கழனியில் மோட்டார் அருகே ஒருவர் விழுந்து கிடந்தால் முதல் எண்ணம் மின்சாரமாக இருக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைக்காமல் தொட்டால் விழுபவர் இரண்டு பேர். நெடுஞ்சாலை என்றால் பின்னால் வரும் லாரி. இடம் பத்திரம் என்று உறுதியானதும் அவரது இரு தோள்களையும் தட்டி, "அண்ணே, என்னாச்சுண்ணே? காது கேக்குதா?" என்று உரக்கக் கேட்க வேண்டும். வகுப்பில் இதை மெல்லிய குரலில் முணுமுணுப்பார்கள். பயிற்றுநர் விட மாட்டார், கத்தச் சொல்வார். நாலு பேர் பார்க்கக் கூச்சமில்லாமல் கத்துவதும் இந்தப் பாடத்தில் ஒரு பகுதி.

பதில் இல்லையென்றால் நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகிறதா என்று 10 விநாடிக்கு மேல் போகாமல் பார்க்க வேண்டும். பொதுமக்களுக்கு நாடி பார்க்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. பதற்றத்தில் தன் விரலின் துடிப்பையே அடுத்தவர் நாடி என்று எண்ணிவிடுவது சகஜம். வகுப்பில் மிக அவசியமாகக் கவனிக்க வேண்டிய இடம் அடுத்து வருவது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு ஒரு விதமான இழுப்பு இருக்கும். கரை ஏற்றிப் போட்ட மீன் வாய் திறப்பதைப் போல் எப்போதோ ஒரு தரம் வாய் திறந்து மூடும், தொண்டையில் ஒரு சத்தம் வரும். சுற்றி நிற்பவர்கள் "உசுரு இருக்கு, மூச்சு விடுறாரு" என்று நிம்மதி அடைந்து காத்திருப்பார்கள். அது மூச்சு அல்ல. மூளையின் அடித்தண்டு செய்யும் கடைசி முயற்சி. நினைவும் இல்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் அழுத்தத் தொடங்க வேண்டும். நல்ல பயிற்றுநர் இந்த இழுப்பின் காணொளியை இரண்டு மூன்று முறை போட்டுக் காட்டுவார். சில நேரம் முதலில் வலிப்பு வந்ததுபோல் கைகால் உதறும். அதைப் பார்த்ததும் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் முகத்தில் தண்ணீர் அடிப்பதும் உள்ளங்காலைத் தேய்ப்பதும் நம் பக்கத்து வழக்கம். வலிப்புக்கே இவை பயன்படுவதில்லை, இதயம் நின்றவருக்கோ இவற்றில் போகும் ஒவ்வொரு நொடியும் நஷ்டம். வாயில் தண்ணீர் ஊற்றுவது அதைவிட மோசம், நேராக நுரையீரலுக்குப் போகும்.

உதவிக்கு அழைப்பதையும் நடித்துப் பழக வைப்பார்கள். "யாராவது போன் பண்ணுங்க" என்றால் யாரும் பண்ண மாட்டார்கள். ஒருவரைக் கைகாட்டி, "சிவப்புச் சட்டை தம்பி, நீ 108-க்குப் போன் போட்டு என்கிட்டயே சொல்லு" என்று சொல்ல வேண்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு அழுத்த ஆரம்பிக்கலாம். புதுச்சேரி கிராமங்களும் தமிழ்நாட்டு கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் பகுதி இது. குப்பம், பாக்கம் என்று முடியும் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஊர்ப் பெயரோடு எந்தக் கொம்யூன், எந்தப் பெரிய சாலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கோயிலோ ரேஷன் கடையோ அருகில் என்ன இருக்கிறது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரு முனையில் ஒருவரை நிறுத்திவிட்டால் ஆம்புலன்ஸ் சந்து சந்தாகத் தேடாது.

பிறகு, கைகள். கிடப்பவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். கயிற்றுக் கட்டிலும் மெத்தையும் உதவாது. அழுத்தும் பலமெல்லாம் கட்டில்தான் வாங்கிக்கொள்ளும், நெஞ்சு அசையாது. நாலு பேர் சேர்ந்து தரையில் இறக்கிவிட வேண்டும். அவரது பக்கவாட்டில் முட்டி போட்டு, நெஞ்சின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஓர் உள்ளங்கையின் அடிமேட்டை வைக்க வேண்டும். இடப்பக்கம் அல்ல, நடுவில். இதயம் இடப்பக்கம் என்று பள்ளியில் படித்தது கையை அந்தப் பக்கமே இழுக்கும், பயிற்றுநர் திரும்பத் திரும்ப நகர்த்தி வைப்பார். அதன் மேல் அடுத்த கை, விரல்கள் கோத்து, நெஞ்சில் படாமல் தூக்கியபடி. முழங்கை மடங்கக் கூடாது. தோள்கள் கைகளுக்கு நேர் மேலே வர வேண்டும். பலம் இடுப்பிலிருந்து இறங்க வேண்டும். முதல்முறை செய்பவர்களில் பெரும்பாலோர் முழங்கையை மடக்கிப் புஜத்தால் தள்ளுவார்கள், அரை நிமிடத்திலேயே மூச்சு வாங்கும்.

ஆழம் 5 சென்டிமீட்டர், 6-ஐத் தாண்டக் கூடாது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுவதுமாக மேலெழ விட வேண்டும், அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் தவறுவது. களைத்துப்போனவர் அறியாமலேயே நெஞ்சின் மேல் சாய்ந்துகொள்வார். வெளியிலிருந்து பார்த்தால் அழுத்துவதுபோலவே இருக்கும், உள்ளே ரத்தம் நகராது. 5 சென்டிமீட்டர் என்பது காகிதத்தில் படிக்கும்போது கொஞ்சம். பொம்மையை அழுத்தும்போது, இவ்வளவா என்று பயம் வரும். மெலிதாகத் தொட்டுத் தொட்டு எடுப்பவர்கள்தான் முதல் சுற்றில் அதிகம். விலா எலும்பு உடையாதா என்ற கேள்வி தவறாமல் எழும். உடையலாம், வயதானவர்களுக்குப் பெரும்பாலும் உடையும், 'கடக்' என்ற உணர்வு கைக்குத் தெரியும். நிறுத்தக் கூடாது. கையின் இடம் சரியா என்று பார்த்துத் தொடர வேண்டும். விலா சில வாரங்களில் கூடிவிடும்.

எண்ணுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சத்தமாக எண்ணிக்கொண்டே அழுத்தச் சொல்வார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று போகும்வரை தாளம் சரியாக இருக்கும். பதினொண்ணைத் தாண்டி இருபத்தி மூணு, இருபத்தி நாலு என்று வரும்போது வார்த்தை நீண்டு கையும் அதோடு மெதுவாகும். பத்து பத்தாக மூன்று முறை எண்ணினால் வேகம் குறையாது. வெளிநாட்டு வகுப்புகளில் பீ ஜீஸ் குழுவின் 'ஸ்டேயின் அலைவ்' பாட்டின் தாளத்தில் அழுத்தச் சொல்வார்கள். போனில் மெட்ரோனோம் செயலியை 110-இல் வைத்துவிட்டால் எந்தப் பாட்டும் வேண்டாம்.

இரண்டு நிமிடம் விடாமல் அழுத்தச் சொல்லும் சுற்றில்தான் வகுப்பின் முகம் மாறும். சிரிப்பும் கிண்டலும் நின்றுவிடும், சட்டை நனையும். தனக்குக் களைப்பே இல்லை என்று ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவரது அழுத்தத்தின் ஆழம் குறைந்துகொண்டிருக்கும், பொம்மையின் விளக்கு அதைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மாறும் இடைவெளி சில விநாடிகளுக்கு மேல் போகக் கூடாது. அடுத்தவர் எதிர்ப்பக்கத்தில் தயாராக முட்டி போட்டிருக்க வேண்டும். ஊர்க்கூட்டத்துக்கு இதில் ஒரு பெரிய வசதி. வைகாசித் திருவிழாவில் வில்லியனூர் தேரோட்டக் கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் மாற்றி மாற்றி அழுத்த ஆளுக்குக் குறைவில்லை. பழகிய ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

வாய்வழி மூச்சு சொல்லிக்கொடுக்கும் வகுப்பென்றால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, ஒரு விநாடி நீளத்துக்கு நெஞ்சு எழும் அளவு மட்டும் ஊத வேண்டும். பலூன் ஊதுவதுபோல் ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும். தடுப்புத்தாளோ முகமூடியோ தருவார்கள், ஒருவர் முடித்ததும் பொம்மையின் முகத்தை ஸ்பிரிட்டால் துடைப்பார்கள். தெரியாதவர் வாயில் வாய் வைக்கத் தயக்கம் என்றால் அழுத்தினால் மட்டும் போதும், வயது வந்தவர் திடீரென விழுந்த நேரத்தில் அதுவே பெரிய உதவி. ஆனால் மூச்சு நின்றதால் இதயம் நின்றவர்களுக்குக் காற்று தேவை. பாகூர் ஏரியிலோ செங்கல் சூளைக் குட்டையிலோ தென்பெண்ணை ஆற்றிலோ மூழ்கியவர், சின்னக் குழந்தைகள், நாகமோ கட்டுவிரியனோ கடித்து மூச்சுத்தசைகள் செயலிழந்தவர் ஆகியோர் இந்த வகை. இங்கே கழனி வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஒரு மணி நேர வகுப்போடு நில்லாமல் மூச்சு கொடுக்கும் வகுப்பையும் கேட்டு வாங்குவது நல்லது. நீரில் மூழ்கியவரைத் தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் நடக்கின்றன. இரண்டும் நேரத்தைத் தின்கின்றன, வயிற்றுத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்கு ஏறவும் வழி செய்கின்றன.

இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி என்ற கருவியை மாதிரிப் பெட்டியில் காட்டுவார்கள். சுவிட்சைப் போட்டதும் அதுவே பேசும். ஓர் ஒட்டுப்பட்டை வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். ஈரமான நெஞ்சைத் துடைக்க வேண்டும். தாலிச்சரடோ செயினோ இருந்தால் பட்டைக்கு அடியில் வராமல் ஒதுக்கினால் போதும், அறுக்க வேண்டியதில்லை. 'யாரும் தொட வேண்டாம்' என்று சத்தம் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். தாறுமாறாக அதிரும் இதயத்துக்குத்தான் இந்த அதிர்ச்சி பயன்படும், ஒரே நேர்க்கோடாகிவிட்ட இதயத்துக்கு அல்ல. சினிமாவில் காட்டுவது அதற்கு நேர்மாறு. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் யூரோ கோப்பை ஆட்டத்தின் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தார். மைதானத்திலேயே சிபிஆரும் அதிர்ச்சியும் கொடுத்தார்கள், அடுத்த ஆண்டே மறுபடி விளையாட வந்தார். நம் கிராமங்களில் இந்தக் கருவியைக் காண்பது அரிது. இருந்தாலும் கற்றுக்கொள்வது வீணல்ல. விமான நிலையங்கள், பெரிய வணிக வளாகங்கள் போன்ற இடங்களில் சுவரில் மாட்டியிருப்பார்கள், அங்கெல்லாம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள்.

குழந்தைகளுக்கு நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தினால் போதும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது சுமார் 4 சென்டிமீட்டர், உடலை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால் அழுத்துவார்கள். தொண்டையில் நிலக்கடலையோ புளியங்கொட்டையோ காசோ அடைத்தால் என்ன செய்வது என்பதும் பெரும்பாலும் இந்த வகுப்பிலேயே வந்துவிடும். 2025 அக்டோபரில் அமெரிக்க இதயக் கழகம் இதில் முறையை மாற்றியிருக்கிறது. பெரியவர்களுக்கும் வளர்ந்த குழந்தைகளுக்கும் முதலில் முதுகில் 5 தட்டு, பிறகு வயிற்றில் 5 அமுக்கு, அடைப்பு போகும்வரை மாற்றி மாற்றி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அமுக்கக் கூடாது, முதுகுத் தட்டும் நெஞ்சு அழுத்தமும்தான். பழைய பாடம் படித்தவர்கள் இதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவுவது எப்போதும் தவறு.

கேள்வி நேரத்தில் முதலில் ஓர் அமைதி இருக்கும், பிறகு உண்மையான பயங்கள் வெளியே வரும். அவற்றில் ஒன்று, விழுந்தவர் பெண்ணாக இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது. பொது இடத்தில் விழும் பெண்களுக்கு சிபிஆர் கிடைப்பது ஆண்களைவிடக் குறைவு என்று வெளிநாட்டு ஆய்வுகளே காட்டுகின்றன, இங்கே தயக்கம் குறைவாக இருக்கக் காரணமில்லை. பயிற்சிப் பொம்மைகளும் பெரும்பாலும் ஆண் மார்போடுதான் வருகின்றன. ஊரில் பெண்கள் நிறையப் பேர் கற்பது இதற்கு ஒரு வழி. சுய உதவிக் குழு ஒன்றைச் சேர்த்து உட்கார வைத்தாலே தெருவுக்கு இரண்டு பேர் கிடைப்பார்கள். பெண் யாரும் பக்கத்தில் இல்லையென்றால் ஆண் அழுத்தத்தான் வேண்டும். கை வைக்கும் இடம் மார்பெலும்பு, ரவிக்கையின் மேலேயே அழுத்தலாம்.

இரண்டாவது பயம் போலீஸ். சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவர் மேல் சிவில் வழக்கும் கிரிமினல் வழக்கும் போட முடியாது என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. வீட்டிலோ கடைத்தெருவிலோ மயங்கிக் கிடப்பவருக்கு, சம்மதம் கேட்க முடியாத நிலையில், அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயலைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு குற்றமாகக் கருதுவதில்லை. மூன்றாவது பயத்தை யாரும் வெளிப்படையாகக் கேட்க மாட்டார்கள்: நான் அழுத்தியும் அவர் இறந்துவிட்டால்? மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பிழைப்பவர்கள் எந்த நாட்டிலும் குறைவு. அழுத்தத் தொடங்கும்போது அவர் ஏற்கெனவே இறந்துகொண்டிருக்கிறார். அந்தக் கைகளால் அதைவிட மோசமாக்க முடியாது. பயிற்றுநர் இதை மழுப்பாமல் சொன்னால் அது நல்ல வகுப்பு.

எப்போது நிறுத்துவது என்பதும் பாடத்தில் உண்டு. அவர் அசைந்தாலோ ஒழுங்காக மூச்சுவிட்டாலோ, பொறுப்பேற்க ஆம்புலன்ஸ்காரர் வந்தாலோ, இடம் ஆபத்தானாலோ, அழுத்துபவரின் உடம்பில் இனி தெம்பில்லை என்றாலோ நிறுத்தலாம். மூச்சு திரும்பி நினைவு மட்டும் திரும்பாதவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கும் முறையைப் பக்கத்தில் இருப்பவரையே படுக்க வைத்துப் பழகுவார்கள். நடுத்தெருவில் கிடப்பவரைத் தூக்கி ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கிப் போட்டு ஓட்டுவது நம் வழக்கம். வண்டியில் போகும் நேரம் முழுக்க யாரும் அழுத்துவதில்லை, மடங்கிய கழுத்தில் மூச்சும் போவதில்லை. ஆம்புலன்ஸ் வரும் என்று தெரிந்தால் தரையிலேயே வைத்து அழுத்துவதுதான் முறை.

கடைசியில் சின்னத் தேர்வு இருந்தாலும் இருக்கும். ஒவ்வொருவராக முதலிலிருந்து கடைசிவரை செய்து காட்ட வேண்டும். தவறினால் அங்கேயே திருத்தி மறுபடி செய்யச் சொல்வார்கள், யாரையும் தோற்கடித்து அனுப்பும் வழக்கமில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம், ஆனால் கை மறந்துவிடும். சில மாதங்களிலேயே ஆழமும் வேகமும் தேயத் தொடங்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது பொம்மையின் முன் உட்கார வேண்டும். இடையில் வீட்டில் கெட்டியான தலையணையில் இரண்டு நிமிடம் எண்ணிப் பழகலாம்.

வகுப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கும் ஊருக்குத்தான் வகுப்பு வருகிறது. மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைக்கும் அவசர சிகிச்சைத் துறைக்கும் கடிதம் எழுதலாம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அதிகாரியைப் பார்க்கலாம், சமுதாய நலக்கூடத்தைக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். கடிதத்தில் மூன்று விஷயங்களைத் தவறாமல் எழுதுங்கள்: முப்பது பேருக்கு மேல் வேண்டாம், ஐந்து பொம்மைகளாவது வேண்டும், எல்லோரும் இரண்டு நிமிடம் அழுத்திப் பார்க்கும்வரை வகுப்பை முடிக்க வேண்டாம்.